மோதிரமும் யன்னல் வெளிச்சமும்

நிச்சயதார்த்த மோதிரத்தை அழகாகப் படம்பிடிக்க ஸ்டூடியோ விளக்குகள் வேண்டுமென்பதை, பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களோடு நெடுங்காலம் திரிந்த நான் ஏற்பதில்லை. வெயில் நேரே விழாத யன்னலொன்று, வெள்ளைத்தாள், கறுப்பு அட்டை, கைத்தொலைபேசி, இவை போதும்.

மெருகேறிய பொன் கண்ணாடி போன்றது, சுற்றியிருப்பதைத்தான் காட்டும். பிளாஷ் அடித்தால் கண்கூசும் வெள்ளைப் புள்ளியொன்றே மிஞ்சும். யன்னலுக்கு எதிர்ப்புறம் வெள்ளைத்தாளை நிறுத்துங்கள். வளையத்தின் நிழற்பக்கம் துலங்கும். ஆனால் நாற்புறமும் வெண்மையானால் வைரம் சோபை இழந்துவிடும். அதன் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 2.42, உட்புகுந்த ஒளி பட்டைகளில் பட்டுத் திரும்பி வருவதே அதன் அழகு. ஓரத்தில் கறுப்பு அட்டையைப் பிடித்தால் பட்டைகள் தனித்தனியே தெரியும். கைத்தொலைபேசியை மிக நெருக்கினால் படம் மங்கும். சற்று விலகி எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். புத்தக அடுக்கில் சாய்த்து, 2 விநாடி தாமதம் வைத்தால் கைநடுக்கமும் இல்லை.

விரித்த புத்தகத்தின் நடுவே மோதிரத்தை நிறுத்தி இதய வடிவ நிழல் விழுத்தும் படங்கள் எனக்குச் சலித்துவிட்டன. (முதலில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது.) அம்மாவின் பழைய பட்டுச்சேலை மடிப்பில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் வீடுகளில் மோதிரங்கள் அடைவுக்குப் போவதும் மீளாமலே விடுவதும் புதிதல்ல. ஆகவே உட்புறத்தில் பொறித்த பெயரையும் திகதியையும் முதலில் எடுத்துவிடுங்கள். கல்லின் மினுக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.