நம்மூர்ச் செய்தியை நம்மூர் வானொலி சொல்லக் கூடாதா?

கூடலூர்த் திராட்சைப் பந்தலுக்கு அடியில், குலை வெட்டும் கத்தரியின் ‘சடக் சடக்’குக்கு நடுவே ஒரு பாட்டு ஓடும். வானொலியென்றால் இங்கே பலருக்கும் 100.5 கொடைக்கானல் பண்பலைதான். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்கலாம். இந்த வசதி பத்திரிகைக்கும் இல்லை, டிவிக்கும் இல்லை.

பாம்பனைப் பாருங்கள். 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 என்ற சமுதாய வானொலி, மீனவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே கடலின் நிலையைச் சொல்கிறது. லோயர்கேம்ப்பில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி நாற்றுப் பாவும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் அப்படியொரு குரல் வேண்டும்.

ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியேயோ உள்ளூர் மொழியில் பெயர்த்தோ ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். வானிலை சொல்லலாம், மின்தடை சொல்லலாம். வாய்க்காலில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று செய்தியாளர் ஒருவர் மைக்கோடு போய் விசாரித்து, அதைச் செய்தியாக ஒலிபரப்பினால் விதிமீறல்!

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல். நூறு வாட் திறனில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும் நிலையத்தைக் கண்டு அரசு எதற்கு அஞ்ச வேண்டும்? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் கூடலூரும் கம்பமும் கொந்தளித்து, கூட்டம் கூட்டமாகக் குமுளியை நோக்கிக் கிளம்பின. விசாரித்துச் சொல்லும் உள்ளூர்க் குரல் அன்றைக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

ஒன்றிய அரசு இந்தத் தடையை நீக்க வேண்டும்.