மூன்று தந்திகளைத் தளர்த்துவோம்

பல ஆண்டுகளாகக் கிடார் வாசித்துப் பழகிய நாம், ஒரு நாள் அதன் மூன்று தந்திகளைத் தளர்த்திவிட்டு, வழக்கமான ஜி கார்டைப் பிடித்தோம். விரல்கள் தத்தம் இடங்களில் பிழையின்றி அமர்ந்தன. எழுந்த ஒலியோ காதைக் கூச வைத்தது. ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி ஒலிக்கவில்லை, எஃப் ஒலித்தது. அடுத்த தந்தியின் பி சுரத்தோடு அது மோதியது. இத்தனை காலமும் நாம் அறிவு என்று எண்ணியிருந்தது விரல்களின் பழக்கமே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். அதில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கற்றவர் மீண்டும் மாணவராவது எவ்வளவு கடினம், எவ்வளவு தேவையானது என்பதே நாம் சொல்ல வந்தது.

கிடாரின் வழக்கமான சுருதி, தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என அமையும். நாம் பயின்ற மாற்றுச் சுருதியோ டி, ஏ, டி, ஜி, ஏ, டி. ஆறாம், இரண்டாம், முதலாம் தந்திகள் மட்டும் இரண்டு ஃப்ரெட் அளவுக்கு இறக்கப்படுகின்றன. எஞ்சிய மூன்றும் இருந்தபடியே இருக்கின்றன.

இச்சுருதியை வகுத்தவராக அறியப்படுபவர் ஆங்கிலேயக் கிடார் கலைஞர் டேவி கிரஹாம் (1940–2008). 1960களின் தொடக்கத்தில் மொராக்கோ சென்ற அவர், அங்குள்ள ஊத் கலைஞர்களுடன் இணைந்து வாசிக்கும் பொருட்டு இதனை அமைத்துக்கொண்டார் என்பர். ஊத், அரபுலகின் தொன்மையான தந்தி வாத்தியம். ஐரோப்பாவின் 'லூட்' வாத்தியத்துக்கு அப்பெயர் வந்ததே 'அல்ஊத்' என்னும் அரபுச் சொல்லிலிருந்துதான். விருந்தினராகச் சென்றவர் தம் கருவிக்கு ஏற்ப அவர்களை மாறச் சொல்லவில்லை. தம் தந்திகளையே தளர்த்திக்கொண்டார்.

அதனால் கிடார் ஊத் ஆகிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஊத்தின் கழுத்தில் ஃப்ரெட்டுகள் இல்லை. சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய ஒலிகளையும் அது தரும். கிடாரின் உலோக ஃப்ரெட்டுகள் அதற்கு இடந்தருவதில்லை. மூன்று தந்திகள் தளர்ந்தன. மூன்று தந்திகள் நிலைத்தன. பிறரோடு கலந்து வாழ்வோருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

'மாற்றுச் சுருதி என்பது சோம்பேறிகளின் குறுக்குவழி' என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு விரலை வைத்து ஆறு தந்திகளையும் மீட்டினாலே போதும். கூடம் நிறைந்தாற்போல் ஒலிக்கும். முதல் நாளிலேயே தேர்ந்துவிட்டோம் என்ற மயக்கம் பிறப்பது இங்கேதான். அம்மயக்கத்தில் நாமும் சில வாரங்கள் கிடந்தோம்.

உண்மையான உழைப்பு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. இச்சுருதியில் வெறுந்தந்திகளை மீட்டினால், மேஜர் என்றோ மைனர் என்றோ சொல்ல இயலாத ஒலி எழும். அதனை முடிவு செய்யும் சுரத்தை வாசிப்பவரே தேடிச் சேர்க்க வேண்டும். முன் சொன்ன விரலோடு நான்காம் தந்தியின் நான்காம் ஃப்ரெட்டை அழுத்தினால் டி மேஜர். ஒரு ஃப்ரெட் பின்வாங்கினால் டி மைனர். மகிழ்வுக்கும் துயருக்கும் இடையே ஒரே ஒரு ஃப்ரெட்! பழைய சுருதியில் ஆயிரம் முறை இவ்விரு கார்டுகளையும் வாசித்திருந்தும், இவ்வேறுபாட்டை நாம் ஒருமுறையேனும் செவிகொடுத்துக் கேட்டதில்லை.

ஆகவே, கற்க விழைவோருக்கு நாம் கூறுவது இதுதான்: வாரம் ஒரு சுருதிக்குத் தாவாதீர்கள். ஒன்றிலேயே சில மாதங்கள் தங்குங்கள். எண்கள் அச்சிட்ட தாளைப் பார்த்து விரலை வைக்குமுன், அச்சுரம் எங்கிருக்கிறது என்று காதால் தேடுங்கள். தந்திகளை இறக்கியபின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு தந்தியின் இறுக்கம் மாறினால் மற்றவையும் சற்றே பிசகும்.

நாற்பதைக் கடந்த நம்மில் பலர், தொழிலிலும் குடும்பத்திலும் பொதுப்பணியிலும், பழகிய கார்டுகளையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் புதிதாக ஒன்றைச் சொன்னால், அவர்களது சுருதி பிழை என்று உடனே முடிவு கட்டுகிறோம். கை பழகியிருப்பதால் காது கேட்பதை நிறுத்திவிட்டதோ என்று நம்மை நாமே வினவுவதில்லை.

அனைத்துத் தந்திகளையும் தளர்த்தச் சொல்லவில்லை. மூன்றைத் தளர்த்தினால் போதும். பிழையாக ஒலிக்கும் அந்த முதல் சில வாரங்களின் வெட்கத்தைத் தாங்கிக்கொள்வோம்; கேட்கக் கற்றுக்கொள்ள அதுவே நாம் தரும் விலை.