அமரும் உரிமை

பொதுவிடங்களை வெற்றிபெற அமைப்பது எவ்வாறு என்பதற்கு இன்று தனித் தொழிற்பயிற்சி உண்டு. நகர அமைப்பாளரும் கட்டிடக் கலைஞரும் சில நாள் வகுப்பில் இருந்து அக்கலையைக் கற்று மீளுகின்றனர். இக்கலை பொய்யென்று நாம் கூறவில்லை. அதன் மூலவருள் ஒருவரான வில்லியம் வைட், நியூயோர்க் நகரின் சதுக்கங்களிற் படக்கருவி பொருத்தி, மக்கள் எங்கே அமர்கின்றனர், எங்கே நின்று பேசுகின்றனர் என்று ஆண்டுக்கணக்கில் நோக்கியவர். 1980 இல் அவர் வெளியிட்ட நூலின் முடிபு எளியது: அமர இடமுள்ள இடத்திலேயே மக்கள் அமர்வர். ஊர்ச் சந்தியின் ஆலமரத்தடியைக் கண்ட எவரும் அறிந்த உண்மைதான். ஆயினும் வானளாவிய கோபுரங்களைக் கட்டியோருக்கு அதை எண்ணிக் காட்டவேண்டியிருந்தது! பெண்கள் மிகுதியாக வந்து கூடுவது நல்ல சதுக்கத்தின் அடையாளம் என்றும் அவர் கண்டார். வேண்டாதவர் என்று சிலரை விரட்டச் செய்யப்படும் ஏற்பாடுகளே சதுக்கத்தைக் கெடுக்கின்றன என்பதும் அவர் கருத்தே.

நிலவுடைமையாளர் நாற்காலியை ஏற்றனர். இந்த இறுதிக் கருத்தை ஏற்கவில்லை.

அதே நகரில் சுக்கொட்டிப் பூங்கா உள்ளது. உயர்ந்த கட்டிடம் எழுப்பப் பெற்ற சலுகைக்கு ஈடாக, பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்ட தனியார் நிலம் அது. நிழலும் இருக்கையும் அங்கே குறைவில்லை. 2011 செப்டெம்பர் 17 இல், பெருமுதலாளரின் ஆதிக்கத்தை எதிர்த்தோர் அங்கே அமர்ந்தனர். படுத்தலாகாது, கூடாரம் அடித்தலாகாது என்ற விதிகள் அவர்கள் வந்த பின்னரே பிறந்தன. நவம்பர் 15 அதிகாலையிற் பொலிசார் அவர்களை அகற்றினர்.

நம் காலிமுகத்திடலின் கதை வேறா? 1859 இல் அதனை அமைத்து முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலனுக்காக அதனைப் பேணுமாறு, தமக்குப் பின்வருவோரைக் கல்லிற் பொறித்துக் கேட்டுக்கொண்டார். எந்தச் சீமாட்டிகள் என்பதை ஊகிக்க வரலாற்றுப் புலமை வேண்டியதில்லை. 2022 ஏப்பிரல் 9 முதல் வேறு பெண்களும் குழந்தைகளும் அங்கே வந்தனர். மின்வெட்டிலும் எரிவாயு வரிசையிலும் வாடியவர்கள் அவர்கள். கூடாரம் எழுந்தது, அடுப்பு எரிந்தது, நூலகம் ஒன்றும் தோன்றியது. இத்தனையும் எந்தத் தேர்ச்சியாளனும் வரைந்து கொடுத்த திட்டமன்று. வைட்டின் அளவுகோலைக் கொண்டு அளந்தால் இதனினும் வெற்றிபெற்ற பொதுவிடத்தை இந்நாட்டிற் காட்டுவது அரிது. ஜூலை 22 விடியுமுன் படையினர் அங்கிருந்தோரை அடித்துக் கலைத்தனர்.

பயிற்சி நடத்துவோரிடம் ஒரு கேள்வி. இருக்கையின் உயரத்தை அளக்கக் கற்பிக்கிறீர்கள். அதில் இருப்பவரை எழுப்பும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது உங்கள் பாடத்திட்டத்தின் எந்தப் பக்கத்தில் வருகிறது? அத்திடலில் இறால் வடை விற்பவரை உங்கள் வகுப்புக்கு அழைத்ததுண்டா, அல்லது வரைபடத்திலிருந்து நீக்கவேண்டிய புள்ளியாகவே அவரையும் அறிவீர்களா?