மறைந்த விமானமும் மறைக்கப்பட்ட கேள்விகளும்

2014 மார்ச் 8 அதிகாலையில் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்ட மலேசிய ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் எம்.எச்.370 விமானம், 239 பேருடன் ரேடார் திரையிலிருந்து மறைந்தது. அவர்களில் ஐவர் இந்தியர். விமானத்தின் உடற்பகுதி இன்றளவும் கிடைக்கவில்லை. செய்திக் கட்டுரைகளுக்கோ குறைவில்லை. அவற்றுள் பல எந்த வழியில் தம் முடிவுகளை அடைந்தன என்பதை நாளேடு வாசிக்கும் ஒவ்வொரு தோழரும் கூர்ந்து பார்ப்பது நல்லது.

இரண்டு ஈரானிய இளைஞர்கள் திருடப்பட்ட ஐரோப்பியக் கடவுச்சீட்டுகளில் பயணம் செய்தது தெரியவந்ததும், மேலை ஊடகங்கள் பயங்கரவாதம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டன. திருட்டுக் கடவுச்சீட்டில் பயணம் செய்வோரில் மிகப் பலர் வாழ வழி தேடி எல்லை கடப்பவர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாததல்ல. அவ்விருவரும் ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிச் சென்றவர்கள் என்றே சில நாள்களில் தெரிந்தது. பயங்கரவாதச் செய்திக்குக் கிடைத்த இடம் இந்தத் திருத்தத்துக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து விமானி. அவர் அப்போதைய மலேசிய எதிர்க்கட்சித் தலைவர் அன்வர் இப்ராகிமின் ஆதரவாளர். விமானம் புறப்படுவதற்கு முந்தைய நாள்தான் அன்வருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. இதை வைத்து பிரிட்டன் ஏடு ஒன்று விமானியை ‘அரசியல் வெறியர்’ ஆக்கிவிட்டது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விமானம் பாதை மாறித் திரும்பியது கைமுறை இயக்கத்தால்தான் இருக்கக்கூடும் என்று 2018 ஜூலை விசாரணை அறிக்கை கூறியது; மூன்றாம் நபரின் தலையீட்டையும் அது விலக்கவில்லை. ஆகவே விமானியின் மீதான ஐயத்துக்கே இடமில்லை என்பதல்ல. ஆனால் எதிர்க்கட்சியை ஆதரித்தது அந்த ஐயத்துக்குச் சான்றாகாது. முடிவு ஒருவேளை சரியாகவே இருக்கலாம். அதற்குக் காட்டிய காரணம் காரணமே அல்ல. அந்தக் கட்சிக்கு லட்சக்கணக்கான மலேசியர் வாக்களித்திருந்தார்கள்.

இந்தியாவையும் இந்த ஊகங்கள் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் முன்னாள் துணைச் செயலாளர் ஸ்ட்ரோப் டால்பாட், இந்திய நகரமொன்றின் மீது செப்டம்பர் 11 பாணித் தாக்குதல் நடத்தவே விமானம் கடத்தப்பட்டதாகச் சிலர் ஐயுறுகிறார்கள் என்று ட்விட்டரில் எழுதினார். நம் நாட்டு ஏடுகளும் தொலைக்காட்சிகளும் அதை அப்படியே ஏந்திக்கொண்டன. விமானத்தில் இருந்த எரிபொருள் பெய்ஜிங் பயணத்துக்கு வழக்கமாக நிரப்பப்படும் அளவுதான். ஓர் இடத்தைச் சென்றடைய முடியும் என்பதிலிருந்து, அங்கே செல்லத் திட்டமிட்டார்கள் என்று எப்படி வரும்? ‘சிலர் ஐயுறுகிறார்கள்’ என்பதில் அந்தச் சிலர் யார் என்று கேட்ட செய்தியாளர் எத்தனை பேர்?

முறையான பகுத்தறிதலும் அதே வாரங்களில் நடந்துகொண்டுதான் இருந்தது. இன்மார்சாட் செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையே காலை 8.19 வரை தானியங்கிச் சைகைகள் பரிமாறப்பட்டிருந்தன. சைகை சென்று திரும்ப எடுத்த நேரத்திலிருந்து தொலைவைக் கணித்தார்கள். அலைவரிசையில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து விமானம் தெற்கே சென்றது என்று அறிந்தார்கள். பிற விமானங்களின் பதிவுகளைக் கொண்டு அந்த முறையைச் சோதித்தும் பார்த்தார்கள். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் இறக்கைப் பாகம் ஒதுங்கியது, இந்தியப் பெருங்கடலில் வீழ்ந்தது என்ற முடிவை வலுப்படுத்தியது. ஆனால் அந்தத் தரவுகள் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தன. பயணிகளின் குடும்பத்தினர் வற்புறுத்திய பிறகு, 2014 மே இறுதியில்தான் அவை வெளியிடப்பட்டன.

கருந்துளை விழுங்கியிருக்குமா என்றுகூட ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதித்தது. 200 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் விமானம் எங்கே இருக்கிறது என்று தொடர்ந்து அறிவிக்கும் ஏற்பாடு ஏன் கட்டாயமாக்கப்படவில்லை என்பது அந்த அளவுக்கு விவாதிக்கப்படவில்லை. 2009இல் 228 உயிர்களுடன் அட்லாண்டிக்கில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் கருப்புப் பெட்டிகள் கிடைக்க ஏறத்தாழ இரண்டாண்டு ஆயிற்று. விமானத்தின் இருப்பிடம் தொடர்ந்து அனுப்பப்பட வேண்டும் என்றும், கடலடியில் ஒலி எழுப்பும் கருவியின் மின்கலம் 30 நாளுக்குப் பதில் 90 நாள் உழைக்க வேண்டும் என்றும் பிரெஞ்சு விசாரணையாளர்கள் அப்போதே பரிந்துரைத்தார்கள். அதற்கான தொழில்நுட்பம் இருந்தது. செலவை ஏற்கும்படி விமான நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விதிதான் இல்லை.

எம்.எச்.370இன் பறப்புத் தரவுப் பதிவியில் இருந்த அந்த மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. இது 2015 மார்ச்சில் வந்த இடைக்கால அறிக்கையில் உள்ளது. விமானம் மறைந்ததை வியட்நாம் கட்டுப்பாட்டு நிலையம் 1.38 மணிக்கே கோலாலம்பூரிடம் கேட்டும், மீட்பு மையம் முடுக்கிவிடப்பட்டது காலை 5.30 மணிக்குத்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடம் அறிய வேண்டும் என்ற சர்வதேச விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, ஏர் பிரான்ஸ் விமானம் வீழ்ந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்.