கானாவூர்ப் பந்தி

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவுக்கு நேர் எதிரே ஒரு கல்யாணப் பந்தியே நடக்கிறது. கூட்டமோ அதற்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறது.

ஓவியர் வெரோனீஸ் 1563இல் வரைந்து முடித்த ‘கானாவூர்த் திருமணம்’ அது. ஏறத்தாழ பத்து மீட்டர் அகலம், நூற்றுக்கும் மேற்பட்ட முகங்கள். தண்ணீர் திராட்சை ரசமான விவிலியக் கதைதான். விருந்தினர் உடுப்பில் மட்டும் வெனிஸ் செல்வச் செழிப்பு. நடுவில் இயேசு, அவர் தலைக்கு மேலே மாடத்தில் இறைச்சி வெட்டுகிறார்கள். வரைய வைத்தவர்கள் வெனிஸின் சான் ஜார்ஜோ மாஜோரே மடத்துத் துறவிகள். அவர்களுடைய உணவுக்கூடச் சுவருக்காக!

1797இல் நெப்போலியன் படை அதைப் பாரிஸுக்குக் கொண்டுபோனது. அவர் வீழ்ந்த பிறகு திருப்பிக் கேட்டால், பயணம் தாங்காது என்றார்கள். எடுத்துப்போனபோது எழாத கவலை.

2007இல் மடத்துச் சுவரில் துல்லியமான டிஜிட்டல் நகல் ஏறியது. அசல்தான் உசத்தி என்போர், பல்லாடியோ கட்டிய அந்தக் கூடத்தில் ஒருமுறை நின்று பார்க்கட்டும். ஓவியத்தின் தூண்கள் அங்கே கட்டடத்தின் நீட்சியாகவே தெரிகின்றன.