இஸ்மாயீல்: அந்நியப் பெயரா?

பழவேற்காட்டில் பிள்ளைக்குப் பெயர் கேட்டு வருவோரிடம் ‘இஸ்மாயீல்’ என்றால், “அது யூதப் பெயராமே, ஹஜ்ரத்?” என்று தயங்குவோரும் இப்போது உண்டு. பொருள் தெரியாவிட்டாலும் கைபேசியில் கண்ட புதுப்பெயரே அவர்களுக்கு இனிக்கிறது.

எபிரேயப் பெயர்தான், மறுப்பதற்கில்லை. ‘யிஷ்மா’ என்றால் செவியேற்கிறான். ‘ஏல்’ என்றால் இறைவன். அன்னை ஹாஜராவின் துயரத்தை இறைவன் செவியேற்றதால் இப்பெயர் வந்ததென ஆதியாகமம் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ‘இஸ்மவேல்’ என்று வாசிப்பதும் இவரையே.

எபிரேயமும் அரபியும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே ‘ஷமஅ’, இங்கே ‘ஸமிஅ’. ருகூவிலிருந்து நிமிரும்போதெல்லாம் ‘ஸமிஅல்லாஹு’ என்கிறோமே, அதே வேர்! முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் பெற்ற நபி இப்ராஹீம் (அலை) அவர்கள், பிரார்த்தனையைச் செவியேற்பவன் என்றே தம் இறைவனைப் புகழ்ந்ததைத் திருக்குர்ஆனில் (14:39) காணலாம். பெயரின் பொருளே அங்கு புகழாக ஒலிக்கிறது.

இப்ராஹீம், யஃகூப் முதலிய பெயர்களையும் அரபி இலக்கண அறிஞர்கள் ‘அஜமி’, அதாவது அரபியல்லாதவை என்றே வகுத்தனர். அதற்காக எவரும் அவற்றை ஒதுக்கவில்லை.

பல்லாண்டு துஆவுக்குப் பின் பிறந்த ஆண்பிள்ளையைக் கொண்டுவந்தால், நான் முதலில் சொல்லும் பெயர் இதுவே.