`கால்ல வலியே இல்லை!' - சுகர் உள்ளவர்கள் இப்படிச் சொன்னால் உஷார்

கெண்டை, குளத்து மீன். காசிமேட்டில் நடக்கும் கடல் மீன் ஏலத்தில் அதைத் தேட வேண்டாம். ஆனால், விடியற்காலையில் ஐஸ் தண்ணீர் வழியும் தரையில் நின்று கூடை தூக்குகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு கெண்டைகள் இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம்! நடுவில் உருண்டு குதிகால் பக்கம் ஒடுங்கிப்போகிற அந்தச் சதையைத்தான் `கெண்டைக்கால்' என்கிறோம்.

அந்தக் கெண்டைக்காலையும், அதற்கு நொடிக்கு நொடி தகவல் அனுப்பும் பாதத்தையும் பற்றி இந்த வாரம் பார்க்கலாம். வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால், கடைசி வரை படித்துவிடுங்கள்.

சும்மா நிற்பதற்கு இவ்வளவு வேலையா?

கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். மேலே தெரிவது `காஸ்ட்ரோக்னீமியஸ்'. ஓட, குதிக்க, படியேற இதுதான் விசை கொடுக்கும். அதற்கு அடியில் தட்டையாக இருப்பது `சோலியஸ்'. நாம் நிற்கும் நேரமெல்லாம் சளைக்காமல் உழைப்பது இதுதான். இரண்டும் சேர்ந்து `அக்கிலிஸ்' என்ற தடித்த தசைநாணாகிக் குதிகாலில் முடிகின்றன.

அசையாமல் நிற்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் உடல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்துகொண்டே இருக்கும். கெண்டைக்கால்தான் அதைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறது. `இப்போது இழு' என்று அதற்கு எப்படித் தெரியும்? கண், உள்காது இரண்டும் தகவல் கொடுக்கும். மூன்றாவது, கால். உள்ளங்கால் தோலில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. தசைக்குள்ளேயே அது எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் உணர்விகளும் உண்டு. இருட்டில் ஆடும் படகில் நின்று வலை இழுக்கிற மீனவருக்குக் கண் பெரிதாக உதவாது. அவர் நிற்பது உள்காதும் காலின் உணர்வும் தரும் தகவலால்தான்.

சுகர் முதலில் கை வைப்பது எங்கே?

இடுப்பிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பிழைகள் சுமார் ஒரு மீட்டர் நீளம். பல வருடங்கள் ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால், நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும். அதனால் பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் மாட்டுவதுபோல மேலே ஏறும்.

ஆரம்பத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு வரலாம். சிலருக்கு எந்த அறிகுறியுமே இருக்காது. போகப் போக எரிச்சல் அடங்கிவிடும். `அப்பாடா, சரியாயிடுச்சு' என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. எரிச்சல் போனதற்குக் காரணம், பாதம் மரத்துப்போனதாக இருக்கலாம். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை என்றால், அது முக்கியமான எச்சரிக்கை.

பாதத்தின் சின்னத் தசைகளும் பலமிழப்பதால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். அதிகச் சர்க்கரையால் அக்கிலிஸ் தசைநாண் விறைத்துப்போகும். கணுக்கால் சரியாக மடங்காமல், உடல் எடை முழுக்க முன்பாதத்தில் இறங்கும். அங்கே தோல் காய்த்துப்போய், காய்ப்புக்கு அடியில் புண் உருவாகும். வலி தெரியாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருப்பார்கள்.

மார்க்கெட்டில் குத்திய மீன் முள், எண்ணூர் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஏறிய இரும்புச் சீவல், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குச் செருப்பில்லாமல் போனபோது வெயில் தரையில் பட்ட சூடு... மரத்த காலுக்கு இவை எதுவுமே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. கிருமி எலும்பு வரை போனால், விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

கொல்லிமலைக்காரர் சொன்ன பாடம்

வலி எவ்வளவு பெரிய காவல் என்பதை உலகத்துக்குப் புரியவைத்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோய்தான் விரல்களை அழுகச் செய்கிறது என்று பலரும் நம்பிய காலம் அது. உணர்வு போனதால், பட்ட காயம் தெரியாமல் போவதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்று அவர் காட்டினார். மரத்த கால்களுக்கான மென்ரப்பர் செருப்புகளிலும் அவரது குழு முன்னோடி. புண்பட்ட பாதத்தின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொள்வது என்ற அந்தப் பாடம்தான் இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காப்பாற்றுகிறது.

இதில் வடசென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. டாக்டர் எம்.விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனி கிளினிக் தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கான மருத்துவமனையையே உருவாக்கினார். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டது, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு.

ஆறு விரல் டெஸ்ட்

மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிப்பார்கள். வீட்டிலேயே முதற்கட்டமாகச் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றும் உண்டு:

* சுகர் உள்ளவரைப் படுக்கவைத்து, கண்களை மூடச் சொல்லுங்கள்.
* இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஒரு விரலை ஒரு முறை மட்டும் தொடுங்கள்.
* எந்தக் காலில் தொட்டீர்கள், வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும்.
* ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், உடனே டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், வருடம் ஒரு முறை டாக்டரிடம் பாதப் பரிசோதனை அவசியம்.

தினமும் இரண்டு நிமிடம்

* ராத்திரி பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியோ போன் கேமராவோ பயன்படுத்தலாம்.
* செருப்பு, ஷூவைப் போடும் முன் உள்ளே கை விட்டுப் பாருங்கள்.
* காலை ஊறவைக்கும் வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள்.
* ஆணிக்காலை பிளேடால் நீங்களே அறுக்காதீர்கள்.
* கொப்புளமோ புண்ணோ தெரிந்தால், `வலிக்கலையே' என்று தள்ளிப்போட வேண்டாம்.

படித்து முடித்ததும் இந்தப் போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, சுகர் இருக்கிற அப்பாவையோ அம்மாவையோ காலை நீட்டச் சொல்லுங்கள். ஆறே ஆறு விரல்கள்தான்.